லுஹர் பாங்குக்குள் ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாழைக்காய் வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் அத்தனையும் அவர் வாயில் இருந்தது. லோடு, அட்வான்ஸ், டேமேஜ், கேன்சல், பார்ட்டி, அர்ஜென்ட். கூடலூர் தாண்டிக் குமுளி ஏறிவிட்டால் மலையாளமும் சரளமாக வரும். அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷில் யாராவது ஜோக் சொன்னால் எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாது.

அது ஒரு பெரிய குறையா என்று கேட்கலாம். அவருக்குப் பெரிய குறைதான். கொச்சியில் காய் வாங்கும் மொத்த வியாபாரி ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் நண்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னான். மண்டபமே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு இவரும் சிரிக்க ஆரம்பித்தார். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். அந்தப் பெரிய மண்டபத்தில் இவர் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊர் கம்பம் வந்து சேரும்வரை மனுஷன் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பக்கத்திலும் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள். ஒருநாள் சாப்பிடும்போது, பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றாள். இங்கிலீஷில் பேச வேண்டும். வழக்கமான நன்றி வணக்கமாக இல்லாமல் சிரிக்கச் சிரிக்க இருக்க வேண்டும் என்று இங்கிலீஷ் மேடம் சொல்லிவிட்டாராம்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அங்கன நாங்களும் வருவமா?"

"முன் வரிசையில ஒக்கார வைப்பாக அத்தா."

"அப்ப நா எங்கன சிரிக்கணும்ண்டு இப்பவே சொல்லிக் குடுத்துரு ஆத்தா."

நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு பயம். முதல் ஜோக்குக்கு யாருமே சிரிக்காமல் போனால் மேடையிலேயே அழுதுவிடுவேன் என்றாள். வந்து உட்காரப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போன்ற தாய் தகப்பன்கள்தான். தோட்டத்து வேலைக்கும் கடைக்கும் போகிற ஜனங்கள். அவர்கள் எங்கே சிரிப்பார்கள்?

"நா சிரிக்கிறேன்ல. நா ஆரம்பிச்சு வச்சா மத்தவுக தன்னால சிரிப்பாக" என்றார் அவர். அத்தாவுக்கும் மகளுக்கும் அன்றைக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது.

மகள் கறாரான பிள்ளை. என்னைக் கொண்டு பிறந்தவள். ஜோக்கை முதலிலேயே சொன்னால் பழசாகிவிடும், அர்த்தம் கேட்டு நடுவில் நிறுத்தினாலும் ஜோக் செத்துப்போகும் என்றாள். அதனால் காலையில் வார்த்தையும் அர்த்தமும் மட்டும். அதை அவர் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். சாயங்காலம் அர்த்தத்தைச் சரியாகச் சொன்னால் அந்த வார்த்தை வருகிற ஜோக்கைச் சொல்லுவாள். இல்லையென்றால் கிடையாது.

அவர் விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு டீயைக் குடித்தால் உடனே தோப்புக்குக் கிளம்புகிறவர். சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கம் எங்கே வாழைத்தார் வெட்டு இருக்கிறதோ அங்கே. கிளம்பும்போது மகள் வார்த்தையைச் சொல்லுவாள். அவர் பால்பாயின்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொள்வார். தார் எண்ணிக்கை, வண்டி நம்பர் எல்லாம் அங்கேதான் எழுதுவார். காகிதத்தில் எழுதி வைத்தால் தொலைத்துவிடுவார்.

"லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள மனசுல ஏறிரணும். ஒலு செஞ்சா போயிரும்ல" என்பார். மதியத் தொழுகைக்குக் கைகால் கழுவும்போது உள்ளங்கையும் சுத்தமாகிவிடும். அதற்குப் பிறகு அவர் நம்பியிருப்பது தன் மண்டையை மட்டும்தான். இதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. நானும் பன்னிரண்டாவது வரை படித்தவள். படித்ததெல்லாம் புத்தகத்திலேயே இருந்துவிட்டது.

முதல் வார்த்தை ப்ரிவிலேஜ். சலுகை, தனிச் சலுகை. அன்று சாயங்காலம் மகள் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு பேச்சை ஆரம்பித்தாள். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். எங்கள் கல்லூரி பஸ் ஆட்டுக்கு நிற்கும், மாட்டுக்கு நிற்கும், இளநீர் வண்டிக்கு நிற்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் நிற்கும். மாணவர்களுக்கு மட்டும் நிற்காது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆடாகப் பிறப்பது ஒரு ப்ரிவிலேஜ்.

அவர் சிரிக்கும்போது முதலில் தோள்தான் குலுங்கும். சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வரும். அன்றைக்குச் சத்தமும் உடனே வந்தது. மறுநாள் தாமதமாக வந்த லாரி டிரைவரிடம், "ஒனக்கு ப்ரிவிலேஜ் சாஸ்தியாப் போச்சு தம்பி" என்று சொன்னதாக வந்து பெருமையடித்தார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு லோடு ஏற்றினானாம்.

அடுத்தது கண்டோலன்ஸ். துக்கம் விசாரிப்பது. ஜோக் இதுதான். பரீட்சை ரிசல்ட் வந்தால் நம் சொந்தக்காரர்கள் உடனே போன் செய்து கண்டோலன்ஸ் சொல்லுவார்கள். நாம் பாஸாகிவிட்டால் போன் வராது. ஏனென்றால் அப்போது துக்கம் அவர்கள் வீட்டில். அவர் என் பக்கம் திரும்பி, "இது எங்க அக்காவத்தான சொல்றா" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். நாத்தனார் விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

இப்படி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. சில வார்த்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு கிடையாது. அவ்வளவுதான். மதியம் அவர் தோப்பிலிருந்து போன் செய்து, "ஆப்டிமிஸ்டுண்டா என்னண்டு சொன்னா?" என்று ரகசியமாகக் கேட்பார். "எல்லாம் நல்லதா நடக்கும்ண்டு நெனைக்கிற ஆளு. நீங்கதான்" என்பேன். பிள்ளைக்குத் தெரியாமல் நான் கொடுத்த பிட்டு.

அந்த ஜோக் அவரைப் பற்றித்தான். என் அத்தா ஒரு ஆப்டிமிஸ்ட். பச்சைத் தாரைப் பார்த்தாலே பழுத்த பழம் அவர் கண்ணில் தெரியும். முதல் செமஸ்டரில் நான் வாங்கிய மார்க்கைக் காட்டினேன். தாரைத் தட்டிப் பார்ப்பதுபோல அந்தத் தாளைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும், பழுத்துரும். இதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "இத அங்கன எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?" என்றார். "சொல்லுவேன் அத்தா." "சரி சரி. சத்தமாச் சொல்லு."

கடைசி வார்த்தை வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதோடு பேச்சு முடிகிறது என்றாள் மகள். வார்த்தை இன்விஜிலேட்டர்.

"பரீட்சை ஹால்ல யாரும் காப்பி அடிக்கிறாகளாண்டு சுத்திச் சுத்தி வருவாகள்ல, அவுகதான் அத்தா."

"வாத்தியாருண்டு சொல்லிட்டுப் போயிறலாம்ல. இம்புட்டு நீளப் பேரு எதுக்கு?"

முந்தைய நாள் எழுதிய வார்த்தை ஒலு செய்வதற்கு முன்பே வேர்வையில் அழிந்துவிட்டதாம். அதனால் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தார். வெட்டிய தார் யாருடையது என்று தண்டில் குறி போடுகிற தடித்த நீலப் பேனா. உள்ளங்கையில் இடம் போதாமல் வார்த்தையை இரண்டாக உடைத்து இரண்டு வரியாக எழுதினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அது மையா பெயின்டா? தண்ணி தோல்ல படாட்டி ஒலு கூடுமாண்டு கொஞ்சமாச்சும் யோசிச்சீகளா?"

"மதியம் தேங்காண்ணயத் தேச்சுக் கழுவுனாப் போயிரும். நீ ஏன் பதறுற." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிக் கேட்டார். "அந்த ஆளுகிட்ட சிரிக்கிறதுக்கு என்ன இருக்கும்? பாவம், நாளெல்லாம் நடக்குற ஆளு."

வெயில் ஏறியபிறகு மார்க்கையன்கோட்டைத் தோப்பிலிருந்து போன் செய்தார்.

"நா கண்டுபிடிச்சுட்டேன். அந்த ஆளு நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு. சரியா?"

"எனக்கென்ன தெரியும். சாயங்காலம் ஒங்க மகட்ட கேளுங்க."

"இல்லேண்டா, நம்ம புள்ள எழுதுனத அவரு எட்டிப் பாத்துப் படிச்சிருப்பாரு. அப்பிடி என்னமோ இருக்கும்."

"மொதல்ல தார் வெட்டுற வேலையப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வைத்தார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

தார்களை எண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். கூலிக்காரர்கள் வாழை இலையை விரித்துப் படுக்க வைத்து, லோடு ஆட்டோவில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. லுஹர் பாங்கு எங்கள் பள்ளிவாசலில் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் தம்பி வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாதே என்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்றைக்கே அந்தி மஃரிபுக்குப் பிறகு அடக்கம். ஆண்கள்தான் குளிப்பாட்டினார்கள். என் தம்பியும் அதில் இருந்தான். கஃபன் துணி சுற்றிய பிறகு முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். கை துணிக்குள் இருந்தது. அந்த நேரத்தில் பெண்டாட்டிக்கு எதெல்லாமோ தோன்ற வேண்டும். எனக்கு அந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. யாரிடம் போய்க் கேட்பது? நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள், எழுத்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். தெருவே வந்தது. மார்க்கையன்கோட்டை விவசாயிகள், குமுளி டிரைவர்கள், கோம்பையிலிருந்து சொந்தக்காரர்கள். ஒவ்வொரு பெண்ணும் என்னைக் கட்டிக்கொண்டு அழும்போது எனக்குள் கண்டோலன்ஸ் என்ற வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது. சனியன் பிடித்த வார்த்தை. துக்கத்தை நான் சிரித்துக்கொண்டு கற்றேன். அது இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷன் இறந்தால் எங்களில் நாலு மாதம் பத்து நாள் பெண் வெளியே போகமாட்டாள். நகை போடமாட்டாள், அந்நிய ஆண்கள் முகத்தில் முழிக்கமாட்டாள். பின்பக்க அறையில் திரை தொங்கவிட்டார்கள். உலகத்தில் உள்ள சத்தமெல்லாம் அந்தத் திரை வழியாகத்தான் வரும். பட்டமளிப்பு விழா என் இத்தாவுக்குள்ளேயே வருகிறது என்று தெரிந்தது.

அந்த இங்கிலீஷ் மேடம் வீட்டுக்கு வந்தார். நல்ல பெண்மணி. திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வெளியே போய் மகளிடம் மெதுவாகப் பேசினார். மகள் சொன்னது எனக்குக் கேட்டது. "வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்க மேடம். என்னால சிரிக்க வைக்க முடியாது."

மேடம் போன பிறகு அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"ஒங்கத்தா இம்புட்டு வார்த்தையும் எதுக்குப் படிச்சாரு?"

"அவர் இல்லாம யாரும்மா மொதல்ல சிரிப்பாக?" என்று கேட்டுவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் சிரிக்க முடியாது. நான் போக முடியாது. அவள் பேசாவிட்டால், ஒரு மனுஷன் வெயிலில் நின்று உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்துப் படித்ததெல்லாம் மண்ணோடு போய்விடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

நாத்தனாருக்கு விஷயம் எட்டியது. மய்யித்து போன வீட்டுப் பிள்ளை மேடையேறி நாலு பேரைச் சிரிக்க வைப்பதா என்று வந்து கேட்டார்.

"அத்தா செத்து மண்ணு காயல. ஊரு என்ன பேசும்?"

"இத்தா எனக்குத்தான். அவளுக்கு மூணு நாளோட துக்கம் முடிஞ்சுதுண்டு மார்க்கமே சொல்லுது. வேணும்ண்டா பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் ஹஸ்ரத்திடம் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஹஸ்ரத் நான் சொன்னதைத்தான் சொல்லுவார் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து ஒத்திகை. மகள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் சிரித்த இடங்களில் சிரிக்க வேண்டும். ஆட்டு ஜோக்குக்குச் சிரித்தேன். முதலில் வாயால் சிரித்தேன். இரண்டாம் நாள் அவர் தோள் குலுங்கியது ஞாபகம் வந்து நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அன்று பார்த்துத் துக்கம் விசாரிக்க உத்தமபாளையத்திலிருந்து நாலைந்து பெண்கள் வந்து ஹாலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தாவில் இருக்கிற பெண்பிள்ளை உள்ளே கெக்கெக்கென்று சிரிக்கிறாள். யோசித்துப் பாருங்கள்.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு ஒருத்தி சொன்னது கேட்டது. "பாவம், அதிர்ச்சியில புத்தி கலங்கிருச்சு போல."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யாரோ ஹஸ்ரத் வீட்டம்மாவிடம் சொல்லி, ஓதி ஊதிய தண்ணீர் ஒரு பாட்டில் வந்தது. விளக்கம் சொல்லலாம்தான். மகள் இங்கிலீஷில் ஜோக் சொன்னாள், நான் என் புருஷனுக்குப் பதிலாகச் சிரித்தேன் என்று சொன்னால் புத்தி கலங்கியது உறுதியென்று இன்னொரு பாட்டில் வரும். பேசாமல் குடித்தேன். கெடுதல் ஒன்றும் இல்லை, ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

எல்லா ஜோக்கும் சொன்னவள் கடைசி ஜோக்கை மட்டும் சொல்லவில்லை. ஆப்டிமிஸ்டோடு நிறுத்திக்கொள்வாள். கேட்டால், "அத்தாவுக்குச் சொல்லாததம்மா அது. ஒங்களுக்கும் அங்கனதான்" என்பாள். நானும் வற்புறுத்தவில்லை.

விழா அன்று காலை என் தம்பி அவளைக் கூட்டிப்போக வந்தான். சின்னமனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இங்கிலீஷுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. அவனை உள்ளே அழைத்து ஒரே ஒரு வேலை சொன்னேன்.

"முன் வரிசையில ஒக்காரு. அவ பேசிக்கிட்டு வந்து நிறுத்தி ஒன்னயப் பாப்பா. அப்ப சிரிச்சுரு."

"எதுக்குச் சிரிக்கிறேண்டு தெரியாமயாக்கா?"

"ஆமா. தெரியாமத்தான்."

மண்டபத்தில் உட்கார்ந்ததும் அவன் தன் போனிலிருந்து எனக்கு அழைத்து, கட் செய்யாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ இருமுவது, அவன் மூச்சு எல்லாம் கேட்டது. பிறகு மைக்கில் என் மகளின் குரல். பஸ் வந்தது, ஆடு வந்தது, ப்ரிவிலேஜ் வந்தது. நிறுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை.

சிரிடா, சிரிடா என்று நான் இங்கே போனைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். படாரென்று தம்பி சிரித்தான். பட்டறையில் இரும்பைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அவன் சிரித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு வேலை இருக்கவில்லை. கண்டோலன்ஸுக்கு மண்டபமே கைதட்டியது. எல்லார் வீட்டிலும் ஒரு நாத்தனார் இருக்கிறார் போல.

ஆப்டிமிஸ்ட் வந்தபோது கூட்டம் அடங்கியது. எங்கள் வீட்டு விஷயம் அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும், பழுத்துரும் என்பதை அவள் தமிழில், அவர் சொல்கிற மாதிரியே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். எனக்குப் பார்வை மறைத்தது.

கடைசியாக அந்த வார்த்தை வந்தது. நானும் அப்போதுதான் கேட்கிறேன். இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. இந்த மூன்று வருஷத்தில் என் முன்னேற்றத்தில் உண்மையான அக்கறை காட்டியவர் ஒரே ஒருவர், இன்விஜிலேட்டர். என் பின்னால் வந்து நின்றார். நான் எழுதிய பதிலை முழுக்கப் படித்தார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். நான் உடனே அதை அடித்துவிட்டு வேறு பதில் எழுதினேன். இன்றைக்கு நான் இந்தப் பட்டம் வாங்குவது அந்தப் பெருமூச்சினால்தான்.

மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்தேன். யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஓதி அனுப்பட்டும் என்று சத்தமாகவே சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. அவர் பாதி கண்டுபிடித்துவிட்டார். எட்டிப் பாத்துப் படிச்சிருப்பாரு என்றாரே. மீதிப் பாதி தெரியாமல் போய்விட்டார். அதுவரைக்கும் அழுததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல அன்றைக்கு அழுதேன்.

சாயங்காலம் அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் வந்தார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பட்டம் வாங்கிய கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். தம்பி போகாமல் நின்றான்.

"கடேசியா ஒண்ணு சொன்னாள்ல, இன்விஜிலேட்டருண்டு. அப்பிடிண்டா என்னக்கா?"

சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சானக் குளிப்பாட்டயில எடது கையில நீலத்துல இருந்துச்சுக்கா. ரெண்டு வரியா. நா எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஏதோ மருந்துப் பேருண்டு நெனச்சேன். மச்சானுக்கு ஏதோ சீக்கு இருந்துருக்கு, ஒங்கிட்டச் சொல்லலபோலண்டு மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். இன்னக்கி அவ வாயில கேக்கவும் எனக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சு."

"போகலையா அது?"

"சோப்புப் போட்டுத் தேச்சோம். மங்குச்சு, போகல. இதுக்கு மேல தேய்க்க வேணாம், அவருக்கு வலிக்கும்ண்டாரு ஹஸ்ரத். அப்பிடியே கட்டிட்டோம்."

அந்த எழுத்தோடுதான் போயிருக்கிறார். இவ்வளவு நாளும் போயிருக்கும், போயிருக்கும் என்று நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவன் காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரை அடக்கிய கபுருஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இத்தா முடிந்தாலும் நான் போக முடியாது, மகளும் போக முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தம்பி போவான். அதனால் அவனிடம்தான் சொன்னேன், அந்த ஜோக்கை அங்கே போய்ச் சொல்லிவிட்டு வா என்று.

அவன் மிரண்டுபோனான். "கபுருல போயி ஜோக் சொல்றது கூடுமாக்கா?"

"கபுருல இருக்கவுகளுக்கு ஸலாம் சொல்றோம்ல. சொன்னா கேக்கும்ண்டுதான சொல்றாக. அந்த ஸலாமோட இதையும் சேத்துச் சொல்லு. அவருக்குச் சொல்றேண்டு சொல்லிட்டுச் சொல்லாம விட்டது இது ஒண்ணுதான்."

மகள் அவனுக்கு ஜோக்கைச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே நிறுத்துவது, எங்கே பெருமூச்சு விடுவது எல்லாம். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பெருமூச்சை மறந்தான். நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொப்பியோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். செருப்பில் மண் ஒட்டியிருந்தது. சோறு போடச் சொன்னேன். அவன் கை கழுவிவிட்டு உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா. பக்கத்துல வேற ஆளுக ஃபாத்திஹா ஓதிக்கிட்டு இருந்தாக. மெதுவாத்தான் சொன்னேன்."

"முழுசாவா?"

"முழுசா. பெருமூச்சும் விட்டேன்." தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தான். "இங்கிலீசுல வரலக்கா எனக்கு. தமிழ்லதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தய மட்டும் இங்கிலீசுலயே சொல்லிட்டேன். அது மச்சானுக்குத் தெரியும்ல."